கலங்கல் கண்மாயில் விராலுக்கு எந்தத் தவளை?

கேள்வி: சிவகங்கை பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் மழைக்குப் பிறகு செம்மண் கலங்கலாகவே நிற்கிறது. தூண்டிலில் ரப்பர் தவளை (செயற்கை இரை) போட்டால் விரால் மீன் அடிக்கிறது, மாட்டுவதில்லை. சில அடிகளிலேயே தவளை கிழிந்து தண்ணீர் ஏறி மூழ்கிவிடுகிறது. பளபளக்கும் வெள்ளி நிறத்தில் வாங்கலாமா? எது தாங்கும்?

பதில்: வெள்ளி நிறத்துக்குப் பணம் போடாதீர்கள். பளபளப்பு தெரிய வெளிச்சம் வேண்டும். செம்மண் கலங்கலில் அது கொஞ்ச ஆழத்திலேயே செத்துவிடும். விராலின் உடம்பில் பக்கவாட்டாக ஓடும் உணர்கோடு நீரின் அசைவைப் பிடிக்கும். பார்வை குறையும்போது அதற்குக் கைகொடுப்பது அதுதான். ஆகவே உங்கள் தவளை தண்ணீரைக் கலக்க வேண்டும், விடாமல் கலக்க வேண்டும்.

அதற்கு வாலில் சுழலும் தகடு உள்ள கெட்டி உடம்புத் தவளையைப் பாருங்கள். 'ஜம்ப் ஃபிராக்' என்று கேட்டால் தருவார்கள். தாய்லாந்து, மலேசியாவில் விராலுக்கு இது ரொம்பப் பழக்கம். உடம்பு மரம் அல்லது கெட்டி பிளாஸ்டிக் என்பதால் பல்லுக்குக் கிழியாது. தகடு வட்டமாக இருக்கட்டும். வட்டத் தகடு மெதுவாக இழுத்தாலும் பலமாக அதிரும். நீண்ட இலை வடிவத் தகட்டில் மினுக்கு அதிகம், அதிர்வு குறைவு. நிறம் கறுப்பு போதும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் எதிரில் கருநிழல்தான் எடுப்பாகத் தெரியும்.

ஆனால் வாங்கும்போது உடம்பை அழுத்திப் பார்ப்பதை விடத் தூண்டில் முள்ளைப் பாருங்கள். மலிவுத் தவளைகளில் முதலில் கைவிடுவது முள்ளும் அதைக் கோத்திருக்கும் வளையமும்தான். விரால் வாய் எலும்பு கெட்டி. மெல்லிய முள் விரிந்துவிடும். தடித்த கம்பி இரட்டை முள்ளாகப் பாருங்கள். வளையத்தை விரல் நகத்தால் எளிதாகப் பிரிக்க முடிந்தால் அந்தத் தவளையே வேண்டாம்.

ஒரு குறை உண்டு. அடர்ந்த ஆகாயத்தாமரைக்கு நடுவே இந்தத் தகடு செடியை வாரிக்கொள்ளும். அங்கே பழைய ரப்பர் தவளையே மேல், அதன் முள் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால். சின்னக் கிழிசலைக் காயவைத்துப் பசை போட்டு ஒட்டலாம். உள்ளே ஏறிய நீரை அவ்வப்போது பிழிந்துவிடுங்கள்.

அடித்தும் மாட்டாததற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம். தண்ணீர் வெடித்ததும் தூண்டில் கம்பைச் சுண்டுகிறோம். நூல் இறுகி மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகு சுண்டுங்கள். கலங்கலில் மீன் குறி தவறுவதும் சகஜம். அப்படியானால் அதே இடத்தைத் தாண்டி உடனே இன்னொரு தடவை வீசி, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுத்து வாருங்கள். விட்டு விட்டு இழுத்தால் மீன் தடம் விட்டுவிடும். நூல் 40 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்). கோரைக்குள் ஓடினால் இழுத்துவர அது வேண்டும்.

எங்கே வீசுவது? விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். கோரை ஓரத்தில் அது வந்து போகும் குமிழியைக் கவனித்து, இரண்டு மூன்று அடி தாண்டி வீசுங்கள். ஆனால் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மொய்த்தால் அதற்குள் போடாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், கோபத்தில் கட்டாயம் அடிக்கும். அவற்றைத் தூக்கினால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

அப்புறம், கண்மாய் மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கரையில் நில்லுங்கள்.