டீச்சரிடம் கேளுங்கள்: பகை வீட்டுக் காதலும் மாயக் கதையும்

மாயக் காதல் கதை எழுதுகிறவர்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஆகாது, பிள்ளைகள் விரும்புகிறார்கள், நடுவில் ஒரு மந்திரம். காட்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தொடர்கதைகள் எழுதிவரும் டீச்சர் பதில் சொல்கிறார்.

காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: டீச்சர், என் கதையில் இரண்டு மலைக்கோட்டைக் குடும்பங்கள், மூன்று தலைமுறைப் பகை. நாயகியிடம் நாகலோகத்து மணி ஒன்று இருக்கிறது. அதை வைத்து யார் கண்ணுக்கும் தெரியாமல் காதலனைப் பார்க்கப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் அந்த மணியை உயர்த்திக் காட்டியதும் எல்லோர் மனமும் மாறி, இரண்டு அப்பாக்களும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். படித்த என் அக்கா, "என்னமோ ஏமாத்தின மாதிரி இருக்குடி" என்கிறாள். எங்கே இடிக்கிறது?

உங்கள் அக்கா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் கண்ணு. அந்த மணி உங்கள் கதையில் இரண்டு வேலை செய்கிறது. முதலில் காதலர்களைச் சேர்த்து வைக்கிறது; அது நன்றாக இருக்கிறது, நானும் ரசித்துப் படித்தேன். அப்புறம் பகையைத் தீர்க்கிறது. அங்கேதான் கதை சரிந்துவிடுகிறது. மூன்று தலைமுறையாகச் சேர்ந்த கோபத்தை ஒரு வெளிச்சம் துடைத்துவிட்டால், அந்தக் கோபத்துக்கு நீங்கள் எழுதிய முப்பது அத்தியாயத்துக்கும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது.

நம் மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. திருவலம், மேல்பாடி வழியாக வள்ளிமலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் சொல்லும் வள்ளியின் கதையை அந்த ஊர் இன்றைக்கும் தன் சொந்தக் கதையாகத்தான் வைத்திருக்கிறது. பாறையில் இருக்கும் சுனையைக் காட்டி, "வெயிலே படாத சுனை, தாத்தாவாக வந்த சாமிக்கு விக்கல் எடுத்தப்போ இங்கதான் தண்ணி குடுத்தா" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகி அவள் கையால் தேனும் தினைமாவும் வாங்கித் தின்றான், யானையை வரவழைத்து அவளை மிரளவைத்தான். இத்தனை மாயமும் எதற்கு? தினைப்புனத்தில் பரண் மேல் நிற்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் நிற்பதற்கு. மாயத்துக்கு அங்கே இடம் உண்டு, அழகும் உண்டு.

ஆனால் மேலே படியுங்கள். தோழி உதவியோடு ராத்திரியில் இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். பொழுது விடிந்ததும் வள்ளியை எடுத்து வளர்த்த அப்பா நம்பியும் வேடர் கூட்டமும் வில்லோடு துரத்தி வந்து அம்பு தொடுக்கிறார்கள். முருகனின் சேவல் ஒரு கூவல் கூவுகிறது. அத்தனை பேரும் செத்து விழுகிறார்கள். எடுத்து வளர்த்தவன், கூட வளர்ந்தவர்கள், எல்லோரும். அவசரப்பட்ட எழுத்தாளர் இங்கே 'முற்றும்' போட்டிருப்பார். பகை ஒழிந்தது, காதல் ஜெயித்தது, தேர் கிளம்பலாம்! கச்சியப்பர் போடவில்லை. வள்ளி நெஞ்சு உடைந்து நிற்கிறாள். நாரதர் வந்து, வளர்த்தவர்களை இப்படிக் கிடத்திவிட்டுப் போவது தகாது என்கிறார். முருகன் திரும்பி வருகிறான், அவளையே எழுப்பச் சொல்கிறான். "எழுக" என்று அவள் சொல்ல, அவர்கள் தூங்கி எழுந்ததுபோல எழுகிறார்கள். எழுந்தவர்கள் உடனே கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. தங்கள் மனக்குறையைச் சொல்கிறார்கள். ஊருக்கு வந்து முறைப்படி கட்டிக்கொண்டு போ என்கிறார்கள். அப்புறம்தான் புலித்தோல் விரித்து உட்காரவைத்து, நம்பி மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிறான்.

உங்கள் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் மணியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு அப்பா எதிரில் நிற்கட்டும். அவருக்கும் வாய் கொடுங்கள். "என்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்று அவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அவள் சொல்லும் பதிலை எழுத உங்களுக்கு ஒரு வாரம் ஆகலாம். ஆகட்டும். உங்கள் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்: இரு குடும்பப் பகைக்கு என்ன காரணம் வைப்பது? "பரம்பரைப் பகை" என்று மட்டும் எழுதினால் போதாதா?

போதாது தம்பி. பரம்பரைப் பகை என்று ஊரில் எதைக் காட்டினாலும், தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு வரப்பு, ஒரு பனைமரம், ஒரு கோயில் மரியாதை, இல்லையென்றால் தண்ணீர்தான் இருக்கும். நீங்கள் ஆற்காட்டில் இருந்துகொண்டு தண்ணீரை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுவதுதான் எனக்கு ஆச்சரியம். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கிற ஆறு. வாலாஜா பக்கம் 1850-களில் அதன் குறுக்கே அணைக்கட்டு கட்டி, வெள்ளம் வரும் நாளில் வருகிற தண்ணீரைக் கால்வாய்களில் திருப்பினார்கள். பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற வருஷம் ஊரே கல்யாணக் களையாக இருக்கும். அரை ஏரித் தண்ணீர் வந்த வருஷம்தான் கதைக்காரன் கவனிக்க வேண்டிய வருஷம்.

நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். யார் கழனிக்கு எத்தனை நாழிகை என்று பார்த்து மடை திருப்புகிறவர். வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் வைத்திருக்கும் தலைமடைக்காரன் தன் முறை முடிந்தும் மடையை அடைக்கவில்லை என்று வையுங்கள். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் கதிர் பால் பிடிக்கிற நேரம், ராத்திரியில் ஒருவன் மண்வெட்டியோடு போகிறான். காலையில் வாய்க்காலில் ஒரு பிணம். அந்த வருஷம் தலைமடை வீட்டில் நெல் விளைந்தது, கடைமடை வீட்டில் மகள் கல்யாணம் நின்றது. இதோ பகை! இனி நூறு வருஷம் தாங்கும்.

மாயத்தையும் அதே ஏரிக்கரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஏரிக்கரைகளில் ஏழு கன்னிமார் இருப்பார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஏழு கல். ஒருநாள் விடியற்காலை பொங்கல் வைக்கப் போன பெண் எண்ணிப் பார்க்கிறாள், ஆறு கல்தான் இருக்கிறது. ஏழாவது கன்னி எங்கே போனாள்? யார் வீட்டில் மகளாக வளர்கிறாள்? இந்த ஒரு கேள்வியை வைத்து உங்களால் ஒரு நாவலே எழுத முடியும். எழுதுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுதத் தொடங்குமுன் இரண்டு வீட்டுப் பாட்டிகளையும் ஆளுக்கு ஒரு பக்கம் பேச விடுங்கள். தலைமடைப் பாட்டி சொல்லும்போது கடைமடைக்காரன் திருடனாக இருக்க வேண்டும். கடைமடைப் பாட்டி சொல்லும்போது படிக்கிறவர் கண் கலங்க வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால்தான் நடுவில் நிற்கிற பிள்ளைகளுக்கு வலிக்கும்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி: என் கதையில் டிராகன் வரலாமா?

தாராளமாக. ஆனால் அதற்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தூணுக்குத் தூண் யாளியும் பாயும் குதிரையும். ஒரு யாளியின் கண்ணையும் பல்லையும் நகத்தையும் நோட்டில் வரைந்து பாருங்கள். அதற்குப் பிறகும் டிராகன்தான் வேண்டும் என்று தோன்றினால், அதையே எழுதுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்: நம் பக்கத்துக் கூத்தில் பகை வீட்டுக் காதலும் மாயமும் சேர்ந்த கதை உண்டா? எங்கள் தாத்தா அபிமன்னன் கதை என்று ஏதோ சொல்வார்.

உண்டு. உங்கள் தாத்தா சொன்னது அபிமன்னன் சுந்தரி கதையாகத்தான் இருக்கும். அபிமன்னன் என்றால் அர்ஜுனன் மகன் அபிமன்யு. சுந்தரி அவனுக்கு மாமன் மகள், முறைப்பெண். பாண்டவர்கள் நாடிழந்து காட்டில் இருக்கும் நேரம் பார்த்து, பெண்ணைத் துரியோதனன் மகன் லக்கணகுமாரனுக்கு நிச்சயம் செய்துவிடுகிறார்கள். அபிமன்னனுக்குத் துணைக்கு வருகிறவன் கடோற்கஜன். அரக்கி வயிற்றில் பிறந்த பீமன் மகன், மாயத்தில் கைதேர்ந்தவன். கடோற்கஜன் வேஷம் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும்போது முன் வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். முகவீணை உச்சத்துக்குப் போகும், திரை விலகும், கிரீடமும் புஜக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னும், சலங்கை கட்டிய கால் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த மாயத்தால் லக்கணன் ஏமாந்து போகிறான். சுந்தரி அபிமன்னனுக்குக் கிடைக்கிறாள். ஊரே சிரித்துக் கைதட்டும்.

இந்தக் கதையை நம் ஊர்கள் தனியாக விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று கதை நாளுக்கு நாள் போருக்குள் போகிறது. பாரதப்போரின் பதிமூன்றாம் நாள் அபிமன்னன் சக்கர வியூகத்துக்குள் நுழைகிறான். அங்கே அவன் கையால் சாகிறவர்களில் லக்கணனும் ஒருவன். அதே நாள் அபிமன்னனும் சாகிறான். பெண்ணைக் கட்டினவன், பெண்ணை இழந்தவன், இருவரும் ஒரே நாளில்! கடோற்கஜனின் மாயம் கல்யாணத்தை முடித்து வைத்தது. பகையின் மேல் அதன் நகம்கூடப் படவில்லை. கல்யாணக் கூத்துக்குக் கைதட்டின அதே ஜனம் அபிமன்னன் வதைக்கு விடிய விடிய அழுகிறது. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருக்கும்போது காந்தாரியின் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறீர்களா? எதிரி வீட்டுத் தாயின் அழுகை அது. பாண்டவர் பக்கம் நின்று தீமிதிக்கப் போகிற ஊர், ஒரு நிமிஷம் அவள் பக்கம் நின்று அழும்.

முதல் கேள்வி கேட்ட காவேரிப்பாக்கத்துப் பெண்ணும் இதைப் படிக்க வேண்டும். வள்ளிமலையில் செத்தவர்கள் திரும்பி வந்தார்கள். இங்கே யாரும் திரும்பி வரவில்லை.

திருப்பத்தூரிலிருந்து ஒரு தாய்: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சதா இந்தக் காதல் கதைகள்தான். வீட்டை விட்டுப் போகிற பெண்ணைப் பற்றியே எழுதுகிறீர்களே, உங்களுக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறதும்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்டதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது.

கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடி வளர்ப்புத்தாய் வெயிலில் நடக்கிறாள். எதிரே வந்த அந்தணர்களிடம், என் மகளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்கிறவருக்குத்தான் பயன், முத்து கடலில் பிறந்தாலும் அணிகிறவருக்குத்தான் பயன், உன் மகளும் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் ஓடிப்போன பெண்ணைப் பற்றியே கேட்பார்கள். நான் அந்தத் தாயின் காலைப் பற்றிக் கேட்பேன்; எவ்வளவு தூரம் நடந்திருப்பாள், செருப்பு இருந்திருக்குமா என்று. என் தொடர்கதைகளில் தாயை வில்லியாக ஒருபோதும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

உங்கள் மகள் படித்த கதை ஒன்றை வாங்கி நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு, "இதுல அந்த அம்மா செஞ்சது உனக்குச் சரியா படுதா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அவளைப் பேச விடுங்கள்.

ஊர் பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு பெண்: டீச்சர், என்னுடையது கதை இல்லை. இரண்டு வீட்டுக்கும் கொலைப் பகை. எனக்கு வயது 22, அவருக்கு 25. வீட்டில் தெரிந்துவிட்டது, போனைப் பிடுங்கிவிட்டார்கள். உங்கள் கதைகளில் வருகிற மாதிரி ஏதாவது நடக்கும் என்று காத்திருக்கிறேன்.

காத்திருக்காதே கண்ணு. இந்தப் பகுதியில் இதுவரை நான் சொன்னதெல்லாம் கதைக்கு. உனக்குச் சொல்வது வேறு.

சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகியிருந்தால் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளலாம். அப்படி விரும்புகிற இரண்டு பேருக்கு மிரட்டல் வந்தால் காவல்துறை பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 181 பெண்களுக்கான உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். எந்தப் போனிலிருந்தாவது கூப்பிட்டு, உன்னை அடைத்து வைத்திருப்பதையும் இரண்டு வீட்டுக்கும் கொலைப் பகை இருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது, அதற்குள் எங்கே தங்குவது என்று வக்கீலிடம் கேட்காமல் எங்கேயும் கையெழுத்துப் போடாதே.

ஆதார் அட்டை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள். நீ நம்புகிற அத்தையோ சித்தியோ ஒருத்தியாவது இருப்பாள். அவளிடம் சொல்லி வை. ராத்திரியில் தனியாகக் கிளம்பாதே. பெற்றவர்களோடு நீ பத்திரமான இடத்துக்குப் போன பிறகு, நடுவில் ஒரு பெரிய மனுஷரையோ அதிகாரியையோ வைத்துக்கொண்டு பேசலாம்.

உன் கடிதத்தில் விலாசம் இல்லை. முடிந்தால் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு மறுபடி எழுது. என் கைக்கு நேராக வந்து சேரும்படி சொல்லி வைத்திருக்கிறேன்.