லேபர் கேஸா, போலீஸ் கேஸா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 7 வருஷம் டெய்லராக இருந்தேன். போன மாதம் திடீரென்று "நாளையிலிருந்து வராதே" என்றார்கள். 2 மாதச் சம்பளம் பாக்கி. கேட்கப் போனால் மேனேஜர் அடித்துவிட்டார். பி.எஃப். பிடித்தார்கள், ஆனால் ஒரு வருஷமாகக் கணக்கில் ஏறவில்லை. தங்கை கல்யாணத்துக்குப் புரோநோட் எழுதிக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிய 40,000 ரூபாய்க்குக் கேஸ் போடுவேன் என்கிறார். ஸ்டேஷனில் "இது லேபர் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே போவது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஸ்டேஷனில் சொன்னது பாதிதான் சரி. ஆள் ஒருவர்தான், ஆனால் வழக்குகள் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நான் அங்கே வேலை பார்க்காமல் இருந்திருந்தால் இந்த உரிமை எனக்கு வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் அது தொழிலாளர் வழக்கு.

அடித்தது அப்படி இல்லை. யார் யாரை அடித்தாலும் குற்றம்தான், கம்பெனி கேட்டுக்குள் நடந்ததால் அது லேபர் மேட்டர் ஆகிவிடாது. புகாரை எழுதிக் கொடுத்து, அதை வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், வாங்க மறுத்தால் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வேலை நீக்கமும் சம்பளமும் தொழிலாளர் துறைக்குப் போகும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய 1947ஆம் வருஷச் சட்டத்தில் வேலை நீக்கத்துக்கு 3 வருஷம் அவகாசம் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத்தில் 2 வருஷம்தான், அதனால் தவறான கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் போய்விடும். வேலையை விட்டு நீக்கினால் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் சட்டம். நீங்கள் டெய்லர் என்பதால் தொழிலாளிதான், சந்தேகமே வேண்டாம். நிஜமாகவே நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அதிலும் பதவிப் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை, செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள்.

பி.எஃப். இரண்டு பக்கமும் வரும். முதலில் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி என்ற குற்றமும்கூட.

புரோநோட்டுக் கடன் சாதாரண சிவில் கேஸ். அதைக் காட்டி உங்களை வேலை நீக்கப் புகாரை வாபஸ் வாங்க வைக்கப் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள். கடனைக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை. 5 வருஷம் தாண்டிவிட்டீர்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500, 7 வருஷத்துக்கு 52,500 ரூபாய். முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையிலேயே மனு கொடுக்கலாம். அதுவரை "கணக்கு எல்லாம் முடிந்தது" என்று எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.