கொத்துத் தட்டுப் புகை: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

சுவரில் இரண்டு எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டியும் கொத்து ரொட்டி போடும் தட்டின் புகை கடைக்குள் நிற்கிறது. மூன்றாவதும் பூட்டலாமா? (உப்புவெளி)

வேண்டாம். புகை கடை முழுக்கப் பரவிய பிறகு அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. தட்டுக்கு மேலேயே மடக்க வேண்டும். அதற்கு ஹூட், அதாவது தட்டுக்கு மேல் கவிழ்ந்து நிற்கும் உலோகக் கூடு, தேவை. தட்டையும் தாச்சியையும் விட எல்லாத் திறந்த பக்கமும் 6 அங்குலம் நீட்டி நிற்கட்டும். கீழ் விளிம்பு தலையில் இடிக்காமல் நிலத்திலிருந்து ஆறரை அடியில் இருந்தால் போதும். சுவரோடு ஒட்டிய 6 அடி ஹூட்டுக்கு, தாச்சியும் இருந்தால், அடிக்கு 400 வீதம் நிமிடத்துக்கு 2,400 கன அடி காற்றை இழுக்க வேண்டும். டக்ட் (புகை போகும் குழாய்) 17 அங்குல விட்டத்தில் போட்டால் காற்று நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் போகும். சுவர் ஃபேன், ஹூட்டில் எண்ணெயைப் பிடிக்கும் ஃபில்டரையும் டக்டையும் எதிர்த்து இந்தளவு இழுக்காது. மோட்டர் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஃபேன்தான் (உருளைச் சக்கரம் உறைக்குள் சுற்றும் வகை) சரி.

இன்னொன்று: ஏசிக்காகக் கதவு யன்னலைப் பூட்டிவிட்டால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. போவதில் 80 சதவீதமாவது சமையலறைக்கே நேராக வரட்டும். கொத்துப் போடும் நேரம் ஹூட் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே வளைந்தால் சரி. வெளியே சுருண்டால் இழுவை போதவில்லை.

மின் வேலை பார்த்த பிறகு இழுவை பாதியாகிவிட்டது. ஃபேன் சுற்றத்தான் செய்கிறது.

த்ரீ பேஸ் மோட்டரா? வயர் மாறிப் பூட்டியிருப்பார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் மிகக் குறைவாக. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஃபேன் உறையில் உள்ள அம்புக்குறியோடு, சுற்றும் திசையை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இரண்டு பேஸ் வயரையும் மின்காரர் மாற்றிப் பூட்டினால் முடிந்தது.

ஃபில்டரிலிருந்து எண்ணெய் தட்டில் சொட்டுகிறது.

கம்பிவலை ஃபில்டர் என்றால் கழற்றி எறியுங்கள். எண்ணெயை வைத்துக்கொண்டு தீக்குக் காத்திருக்கும் சாமான் அது. பாஃபில் ஃபில்டரை (மடித்த தகடுகளை வரிசையாக அடுக்கிய வகை) 45 பாகைக்குக் குறையாத சரிவில், தகடுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி பூட்டுங்கள். தகடுகள் படுத்திருந்தால் எண்ணெய் தொட்டிக்கு வடியாது. கழுவ வெந்நீரும் பாத்திரச் சவர்க்காரமும் போதும். அலுமினிய ஃபில்டரைக் காஸ்டிக் சோடாவில் போட்டால் நுரைத்து அரித்துவிடும்.

பக்கத்து வீட்டார் மணத்துக்குச் சண்டைக்கு வருகிறார்கள். ஒழுங்கைப் பக்கமுள்ள டக்ட் வாயை மற்றப் பக்கம் திருப்பட்டுமா?

கச்சான் (தென்மேல் பருவக்காற்று) காலத்தில் காற்று தரையிலிருந்து, வாடை (வடகீழ் பருவக்காற்று) காலத்தில் கடலிலிருந்து. எந்தப் பக்கம் திருப்பினாலும் அரை வருடத்துக்கு யாராவது ஒருவர் முறைப்பாடு கொடுப்பார். வாயைக் கூரைக்கு மேல் குறைந்தது 40 அங்குலம் உயர்த்தி, நேரே வானத்தைப் பார்க்க விடுங்கள். மழைக்கென்று தொப்பி மூடி போட்டால் அது புகையைக் கீழே தள்ளிவிடும். மழைநீர் ஓட வடிகால் வைத்த, ஒன்றுக்குள் ஒன்றான இரட்டைக் குழாய் முனை நல்லது.

பிறகும் போதாவிட்டால் எலெக்ட்ரோஸ்டாட்டிக் (மின்னேற்றத்தால் துளிகளைப் பிடிக்கும்) ஃபில்டர். அது எண்ணெய்த் துளியைப் பிடிக்கும், மணத்தைப் பிடிக்காது. மணத்துக்கு அதன் பின்னால் கரி ஃபில்டர். வரிசை மாறினால் எண்ணெய் கரியை அடைத்து, போட்ட காசு வீண். காற்று 40 பாகை செல்சியசைத் தாண்டினாலோ ஈரம் கூடினாலோ கரி சரியாக வேலை செய்யாது. நம்முடைய கடற்கரை ஈரத்தில் இதைக் கணக்கெடுத்தே வாங்குங்கள்.

வெளி டக்டுக்கு ஜீ.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரம் போதுமா? (நிலாவெளி)

உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறும். உள்ளே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கூரைக்கு மேல் உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம்.