கால் தொங்கும் பேட்மேன், ஒட்டும் பூட்ஸ், பிரியும் பேட்கேவ்: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: மெகோ நிறுவனத்தின் 8 அங்குல பேட்மேன் பொம்மை ஒன்றும், அதற்கான பேட்கேவ் பிளேசெட் (பொம்மையை வைத்து விளையாட, பேட்மேனின் குகையைப் போல் செய்த மடிப்பு அமைப்பு) ஒன்றும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். 1970களைச் சேர்ந்தவை, எல்லாமே ஒரிஜினல் என்று விற்றவர் சொன்னார். பொம்மையின் கால்கள் தொளதொளவென்று தொங்குகின்றன. பூட்ஸும் கையுறையும் பிசுபிசுப்பாக ஒட்டுகின்றன. பேட்கேவின் வினைல் ஓரங்கள் பிரிந்து உள்ளே அட்டை தெரிகிறது. எதில் தொடங்குவது? ஒரிஜினல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இன்று ஒரே ஒரு வேலை போதும். பூட்ஸையும் கையுறையையும் கழற்றித் தனியாக வையுங்கள். மற்றதெல்லாம் ஒரு மாதம் கழித்துச் செய்தாலும் கெட்டுவிடாது. பூட்ஸ் மட்டும் காத்திருக்காது.

காரணம் வினைலின் தன்மையிலேயே இருக்கிறது. வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும்படி ஆக்க, எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசரைக் கலக்கிறார்கள். அது பிவிசியோடு வேதியியல் ரீதியாகப் பிணைந்திருப்பதில்லை, இடுக்குகளில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 40, 50 ஆண்டுகளில் மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. நீங்கள் உணரும் பிசுபிசுப்பு அழுக்கு அல்ல, இந்தக் கசிவுதான். அது பக்கத்தில் இருக்கும் கடினப் பிளாஸ்டிக்கையும் வண்ணப்பூச்சையும் இளக்கும். பூட்ஸ் மாட்டியபடியே பல ஆண்டு கிடந்த காலைக் கழற்றிப் பார்த்தால், பூட்ஸின் மேல்விளிம்பு இருந்த இடத்தில் பளபளப்பான ஒரு வளையம் பதிந்திருக்கும். துணியால் தேய்த்தால் போகாது. பிளாஸ்டிக்கே அங்கே உருகி மறுபடி இறுகியிருக்கிறது. அதற்கு மாற்று இல்லை, மேலும் ஆழமாகாமல் தடுக்கலாம்.

கழற்றும்போதுதான் பலர் கணுக்காலை உடைத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த வினைல் விறைத்திருக்கும். அதை இழுத்தால் முழு விசையும் சிறிய கணுக்கால் மூட்டில் இறங்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, 20 செ.மீ. தள்ளி 30 முதல் 40 விநாடி காட்டுங்கள். விரலால் அழுத்தினால் பூட்ஸ் மெத்தென்று அமுங்க வேண்டும். அப்போது முழங்காலைப் பிடிக்காமல், கணுக்காலுக்குச் சற்று மேலே பிடித்து, குதிகால் பக்கத்தை முதலில் வெளியே தள்ளுங்கள். பிறகு முன்பாதம் தானாக நழுவும். கையுறைக்கும் இதே முறைதான், மணிக்கட்டில் இன்னும் நிதானம் வேண்டும். முகமூடி தனியாகக் கழலும் வகையாக இருந்தால் அதை இன்று தொடாதீர்கள். மெல்லிய விளிம்பு கீறினால் ஒட்டவைப்பது கடினம்.

ஒரிஜினல்தானா?

சுத்தம் செய்வதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். தூசியும் பழைய கறையும்கூடச் சாட்சிகள்.

மெகோவின் சூப்பர்ஹீரோ வரிசை 1972இல் தொடங்கியது. முதலில் வந்த பேட்மேனுக்கு முகமூடியைக் கழற்றலாம். பின்னர் வந்தவற்றில் முகமூடி தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டது. உடலிலும் இரண்டு வகை உண்டு. முந்தையதில் மூட்டுகளில் உலோக ஆணி தெரியும். பிந்தையதில் மூட்டு ஆணிகளும் பிளாஸ்டிக்தான். முதுகில் ரோமன் எண்களில் 1971 என்று பார்த்துவிட்டு, அந்த ஆண்டில் செய்த பொம்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வார்ப்பின் பதிப்புரிமை ஆண்டு. பல ஆண்டு கழித்துச் செய்த உடலிலும் அதே எண் இருக்கும்.

இன்னொன்று. ஆண் கதாபாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அச்சு உடல்தான், தலையும் உடையும் மட்டும் மாறும். தலை கழுத்துக் குமிழில் சொருகி நிற்பது. எனவே உடல் அசல் என்பதால் பொம்மை முழுவதும் அசல் என்று ஆகிவிடாது. தலை, உடல், உடை, கேப் (முதுகில் தொங்கும் போர்வை), பெல்ட், கையுறை, பூட்ஸ் என்று ஏழு துண்டுகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மெகோ 1980களின் தொடக்கத்தில் திவாலாகி மறைந்தாலும், பெயர் 2018இல் மறுபடி சந்தைக்கு வந்தது. பழைய பாணியில் புதுப் பொம்மைகள் செய்யும் வேறு நிறுவனங்களும் உண்டு. அவற்றின் கேப்பும் பூட்ஸும் பழைய உடலில் கச்சிதமாகப் பொருந்தும். விற்றவர் ஏமாற்றினார் என்றே சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

காகிதத்தில் உள்ளவற்றுக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. பெட்டி, ஸ்டிக்கர், பேட்கேவின் அச்சுப் படம் ஆகியவற்றை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அக்கால ஆஃப்செட் அச்சில் (அச்சகத்தில் தகடு வைத்து அடிப்பது) புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சிறுசிறு பூக்கள் கோத்ததுபோல் தெரியும். வீட்டு இன்க்ஜெட்டில் புள்ளிகள் மணல் தூவியதுபோல் சிதறியிருக்கும். கறுப்பு எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள். ஆஃப்செட்டில் ஒரே மையில் கூர்மையாக நிற்கும். நகலில் நாலு நிறமும் கலந்து ஓரம் அரும்பியிருக்கும்.

புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் போலி என்று பலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் 1970களிலும் காகிதத்திலும் துணியிலும் இருந்தது. யாராவது ஒருமுறை சலவைத் தூளில் துவைத்திருந்தால் அசல் உடையும் ஒளிரும். ஒரே உடையில் கேப் மட்டும் ஒளிர்ந்து மற்றவை மங்கலாக இருந்தால் மட்டுமே அது யோசிக்க வேண்டிய குறி.

தலைக்கு அளவுகோல் உதவும். அசல் தலையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் பொருள் சுருங்கும். நகல் தலை சற்றே சிறியதாக, காது மடலும் முடிக்கோடும் மழுங்கியதாக இருக்கும். சந்தேகமில்லாத இன்னொரு தலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணே சொல்லிவிடும்.

சுத்தம் செய்தல்

250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 5 சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், உடனே வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். உடலைத் தண்ணீரில் முக்காதீர்கள். உள்ளே இருக்கும் உலோகக் கொக்கிகள் துருப்பிடித்து, அந்தக் கறை மூட்டு வழியே வெளியே வரும். பூட்ஸையும் கையுறையையும் முக்கிக் கழுவலாம். பிசுபிசுப்பு அப்போதைக்குப் போகும், சில மாதங்களில் திரும்ப வரும். கசிவு நிற்கவில்லை என்பதுதான் பொருள். ஆண்டுக்கு ஒருமுறை கழுவினால் போதும். பவுடர் தூவி மறைப்பவர்கள் உண்டு, அது கசிவோடு சேர்ந்து சாம்பல் நிறப் பசையாகிவிடும்.

அசிட்டோன், தின்னர் வேண்டவே வேண்டாம். சானிடைசர் வகை ஆல்கஹால் வண்ணத்தைத் தூக்கிவிடும். வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் மிருதுவாகத் தோன்றினாலும் மிக நுண்ணிய உப்புத்தாள்தான், புருவ வண்ணம் இரண்டே இழுப்பில் போய்விடும்.

முகத்தில் பேனா மை இருந்தால், வண்ணம் பூசாத தோல்நிற வினைலில் மட்டும், பருவுக்குப் பயன்படும் 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு கிரீமைப் புள்ளியளவு வைத்து, வெளிச்சத்தில் சில மணி நேரம் விட்டுத் துடைக்கலாம். மை வெளுக்கும். ஆனால் வினைலின் சொந்த நிறமும் வெளுக்கக்கூடும், சில சமயம் வாரங்கள் கழித்துத்தான் வெள்ளைத் திட்டு தெரியும். தலையின் கழுத்துக்குள் மறையும் பகுதியில் முதலில் செய்து பார்த்து, ஒரு மாதம் பொறுத்திருங்கள். சின்னக் கோடுதான் என்றால் விட்டுவிடுவதே நல்லது.

உடையைத் துவைப்பதில் ஆபத்து மார்புச் சின்னம்தான். அது மேலே ஒட்டியது, நனைந்தால் சுருண்டு உதிரும். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். முதுகில் உள்ள பிரஸ் பட்டனைப் பிரிக்கும்போது துணியை இழுக்காமல், நகத்தைப் பட்டனின் இரு பாதிகளுக்கும் நடுவே நுழைத்துத் திருப்புங்கள்.

தொங்கும் கால்

உள்ளே இருக்கும் ரப்பர் ஆக்சிஜனால் இற்றுப்போயிருக்கிறது. கைகளைத் தோளுக்குத் தோள் இழுத்துப் பிடிக்கும் இணைப்பு ஒன்று, கால்களையும் இடுப்பையும் மேலே இழுத்துப் பிடிக்கும் இணைப்பு ஒன்று. வகைக்கு வகை கொக்கிகள் மாறும், அதனால் பழைய ரப்பரின் மிச்சம் எந்தக் கொக்கியிலிருந்து எதற்குப் போகிறது என்று நான்கு கோணங்களில் படம் எடுத்த பிறகே அகற்றுங்கள். பாதிப்பேர் இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பின்னால் தவிக்கிறார்கள்.

தேவையானவை: 2 முதல் 3 மி.மீ. பருமனுள்ள உருண்டை எலாஸ்டிக், மெல்லிய குரோஷே ஊசி, நுனி பூட்டிக்கொள்ளும் இடுக்கி. தலையைச் சூடான காற்றில் இளக்கி, அசைத்து அசைத்து மேலே எடுங்கள். இறுகிய ரப்பர் துணுக்குகளை ஊசியால் சுரண்டி வெளியேற்றுங்கள், கொக்கியில் துரு இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். புது எலாஸ்டிக்கை ஒரு பக்கக் கொக்கியில் மாட்டி, உடல் வழியே இழுத்து, மறுமுனையை இடுக்கியால் பூட்டிக்கொண்டு, இரண்டாவது கொக்கியில் மாட்டுங்கள். இரட்டை முடிச்சு போட்டு 3 மி.மீ. வால் விட்டு வெட்டுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? கையைப் பிடித்து 3 மி.மீ. வெளியே இழுத்து விட்டால், தானாக உள்ளே திரும்ப வேண்டும், ஆனால் டக்கென்று அடித்துக்கொண்டு போகக் கூடாது. நிற்கட்டுமே என்று இறுக்கிக் கட்டினால் தோள் வளையத்திலும் கவட்டையிலும் பழைய பிளாஸ்டிக் சில மாதங்களில் விரிசல் விடும். தளர்ந்த பொம்மையைத் தாங்கி வைத்து நிறுத்தலாம், விரிசல் விட்டதை நிறுத்த முடியாது.

கென்னர் நிறுவனத்தின் சூப்பர் பவர்ஸ் பொம்மைகளும் (1984 முதல் 1986) கைவசம் இருந்தால், இந்த முறையை அவற்றில் முயல வேண்டாம். காலை அழுத்தினால் கை குத்தும் பொறி உடலுக்குள் மூடி ஒட்டப்பட்டது. திறந்தால் மூடாது.

பேட்கேவ்

1974இல் வந்த இந்த பிளேசெட் அட்டையைச் சுற்றி வினைல் தாளைச் சூட்டில் ஒட்டி மூடியது. ஓரம் பிரிவதற்குக் காரணம் இரண்டு. வினைல் சுருங்குகிறது, அட்டை ஈரத்தை இழுத்து உப்புகிறது. குளிர்ந்த அறையில் மடிப்பைத் திறக்காதீர்கள், மடிப்புக்கோடு முழுவதும் கிழிந்துவிடும். 22 முதல் 25 டிகிரி உள்ள அறையில் சில மணி நேரம் வைத்த பிறகு மெதுவாகத் திறங்கள். அட்டை வளைந்திருந்தால், பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வாரம் பாரம் வைத்தால் பெரும்பாலும் நிமிரும். இதை ஓரம் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். ஒட்டிய பிறகு நிமிர்த்தினால் ஒட்டியது மறுபடி பிரியும்.

ஒட்டுவதற்கு வளையும் தன்மையுள்ள வினைல் பசை. பல்குச்சி நுனியில் தொட்டு, பிரிந்த உதட்டுக்குள் மெல்லிய கோடாகத் தடவி, பட்டர் பேப்பர் வைத்து 24 மணி நேரம் பாரத்தில் விடுங்கள். ஒரு நாளில் 10 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். சூப்பர் க்ளூ விறைப்பாக இறுகும், அடுத்த மடிப்பில் பக்கத்து வினைலையும் சேர்த்துக் கிழிக்கும், சுற்றிலும் வெண்படலமும் விடும். செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி வினைலுக்குள் இறங்கிவிடும். பேட்-போல் (பேட்மேன் சறுக்கி இறங்கும் கம்பம்) முதலிய தனித் துண்டுகளை, கையேடு அல்லது அதன் படத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். தொலைந்த துண்டுதான் பிளேசெட்டில் அதிகம் தேட வேண்டியது.

எடுத்து வைக்கும்போது கடினப் பிளாஸ்டிக்கும் வினைலும் தொடக் கூடாது. பூட்ஸ், கையுறை, பெல்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் கவர், வாயை முழுக்க மூடாமல். மளமளவென்று ஒலிக்காத, மிருதுவான பிவிசி கவர் கூடவே கூடாது, அதுவும் கசியும். பேட்கேவை மடித்து வைத்தால் உள்முகங்களுக்கு நடுவே அமிலமற்ற தாள் வையுங்கள், இல்லையேல் அச்சு எதிர்முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். வெயில் படாத, 20 டிகிரியை ஒட்டிய, ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் உள்ள இடம் நல்லது. பரணும் ஜன்னலோர அலமாரியும் இரண்டுமே சூடேறுபவை.

பழைய ரப்பர், உதிர்ந்த ஸ்டிக்கர் துணுக்கு, மாற்றிய எந்தத் துண்டையும் எறியாமல் சிறு கவரில் போட்டு, என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், எந்தப் பசை என்று பென்சிலால் எழுதிப் பொம்மையோடு வையுங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால், எலாஸ்டிக் மாற்றியதையும், கேப் போன்ற ஏதாவது நகலாக இருந்தால் அதையும் வாங்குபவரிடம் அந்தத் தாளோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.