அம்மாவின் புண்ணை யார் பார்த்தீர்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். இடது கணுக்காலுக்கு மேலே வந்த ஒரு புண் ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்ட்மென்ட் எதுவும் பலிக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சேலைத் துணியால் அம்மாவே கட்டிக்கொள்கிறார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது அபூர்வ வியாதியா, பரம்பரையாக வருமா என்று பையன் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? பெண் பார்க்க வரும் அன்று அம்மாவைப் பெரியம்மா வீட்டில் இருக்கச் சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, அபூர்வ வியாதி எல்லாம் இல்லை. நம் நாட்டில் ஆயிரம் பேரில் நான்கைந்து பேருக்கு இப்படி ஆறாத புண் இருப்பதாக 2005-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நீலகிரியில் 7,35,394 பேர். அதே விகிதம் இங்கேயும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அம்மாவைப் போல மூவாயிரம் பேருக்கு மேல் இந்த மலையில் நடமாடுகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் போட்ட கணக்கில் ஆயிரத்துக்கு இரண்டுக்குச் சற்று அதிகமாக வந்தது. எண்கள் ஏன் இப்படி மாறுகின்றன? யாரை எண்ணினார்கள், எதைப் புண் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து எண்ணினால், ஆஸ்பத்திரிக்கே போகாதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

உங்கள் அம்மா அந்தக் கணக்கில் வராதவர். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, பையன் வீட்டாரைப் பற்றிய கவலை இல்லை. 'யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அதை அம்மாவின் நல்ல குணமாகச் சொல்கிறீர்கள். ஒரு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறீர்கள். அந்தப் புண் எவ்வளவு பெரியது? ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? சுற்றியுள்ள தோல் என்ன நிறம்? நீங்கள் எழுதவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள். மழையிலும் பனியிலும் சரிவில் நின்று கொழுந்து கிள்ளி உங்களை ஆளாக்கிய கால் அது. அதைப் பெற்ற பிள்ளை பார்க்கக் கூடாதென்று அவர் கதவைச் சாத்துகிறார் என்றால், வாடை வருகிறது என்று யாரோ எப்போதோ முகம் சுளித்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

சரி, இன்று மாலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். உங்கள் மனைவியையோ தங்கையையோ ஏவாதீர்கள், நீங்கள் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்காருங்கள். துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். பிய்த்து இழுத்தால், புதிதாக வளர்ந்த மெல்லிய தோலும் கூடவே வந்துவிடும். தினம் தினம் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைத் துணியின் மேல் ஊற்றி, ஊறவிட்டு, மெதுவாக எடுங்கள். மஞ்சளும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம், டிங்ச்சரும் வேண்டாம். சுத்தமான காஸ் துணியை லேசாக வைத்துக் கட்டினால் அன்றைக்குப் போதும்.

அப்புறம் காலை நன்றாகப் பாருங்கள். கணுக்காலின் உட்பக்கத்துக்கு மேலே புண், சுற்றிலும் தோல் பழுப்பேறித் தடித்து, மாலையானால் வீக்கம், மேலே நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வெரிகோஸ் புண்ணாக இருக்கும். வருடக்கணக்காக நின்றே வேலை செய்தவர்களுக்கு இது வருவது சகஜம். காலிலிருந்து ரத்தத்தை மேலே அனுப்பும் குழாய்களின் வால்வுகள் பழுதாகி, ரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது. தேக்கம் குறையாமல் எந்த ஆயின்ட்மென்ட்டும் பலிக்காது. விரல் நுனி கறுத்து, பாதம் சில்லிட்டு, புண் காய்ந்து கிடந்தால் ரத்தம் கீழே வருவதிலேயே அடைப்பு இருக்கலாம். தொட்டாலே தெரியவில்லை, வலியே இல்லை என்றால் சர்க்கரையோ தொழுநோயோ உணர்ச்சி நரம்பைத் தின்றிருக்கலாம். வலி இல்லையே என்று அதில் யாரும் நிம்மதி அடைய வேண்டாம். குளிருக்குக் கங்குச் சட்டி பக்கத்தில் கால் நீட்டி உட்காரும் பழக்கம் இருந்தால், சுட்டதுகூடத் தெரியாது.

எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். இந்த வாரமே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் லீவு போட்டுக் கூடப் போங்கள். சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்த்த பிறகே இறுக்கக் கட்டுப் போட வேண்டும். வெரிகோஸ் புண்ணுக்கு அந்தக் கட்டுதான் மருந்து, ஆனால் ரத்தம் இறங்காத காலில் அதைப் போட்டால் காலே போய்விடக்கூடும். அதனால் யார் பேச்சையும் கேட்டு வீட்டிலேயே கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள். பல மாதம் ஆறாத புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவதும் உண்டு. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் உங்கள் பகுதிக்கு வந்தால் அவரிடமும் காலைக் காட்டுங்கள். கதவுக்குப் பின்னால் இருக்கும் புண் அவருக்கு எப்படித் தெரியும்?

பையன் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். நரம்பு சுருட்டல் சில குடும்பங்களில் வரும், வெரிகோஸ் புண் யாருக்கும் ஒட்டாது. இதைக் கேட்டுப் பின்வாங்கும் வீட்டில் உங்கள் தங்கை வாழ வேண்டாம். நாளைக்கு அவள் காலில் ஒரு கொப்புளம் வந்தாலும் அங்கே கதவைத்தான் சாத்துவாள். அம்மாவைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பும் பேச்சை இனி வாயில்கூட எடுக்காதீர்கள். மகளைப் பெண் பார்க்க வரும்போது பெற்றவள் கூடத்தில் இல்லாமல் வேறு எங்கே இருப்பாள்?

இன்னொன்றும் உண்டு. வெரிகோஸ் புண் ஆறினாலும் திரும்ப வரக்கூடும். வராமலிருக்க முழங்கால் வரை இறுக்கமான காலுறையை வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும். காலையில் எழுந்ததும், நடமாடிக் கால் வீங்குவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். அறுபதைத் தாண்டியவர் குனிந்து தன் கையால் அதை இழுத்து மாட்டுவது லேசில் ஆகாது. நீங்கள் வேலைக்குக் கிளம்பும் முன் மாட்டிவிடுங்கள்.