நூற்றுக்கு 80 மதிப்பெண் பெற்ற இரண்டு வீடியோ கேம்கள் ஒரே தரமானவையா?

அப்படிச் சொல்ல முடியாது. விமர்சன மதிப்பெண் என்பது, ஒரு கேம் தன் வகைக்குரிய வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று விமர்சகர் எண்ணில் தரும் கணிப்பு. சண்டை விளையாட்டில் பொத்தானை அழுத்திய கணமே குத்து விழ வேண்டும். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானாலும் ஆட்டம் கெட்டுவிடும். கதை சார்ந்த கேமில் அந்தத் தாமதம் பெரிதாக உறுத்தாது, உரையாடல் சப்பென்றிருந்தால்தான் மனம் விட்டுப்போகும். 1980-களில் உருவான, விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸில் கதையே கிடையாது. அதை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பசியாறப் போகிறவர், ரொட்டி சானாயைப் பிய்க்கும்போது அடுக்கடுக்காகப் பிரிகிறதா என்று பார்ப்பார். செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பிலோ, தேங்காய்ப்பாலின் சுவையைச் சர்க்கரைப்பாகு அமுக்கிவிடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டுக்கும் அவர் எட்டு மார்க் கொடுத்தாலும் அளந்த கோல் வேறு. ஆகவே எண்ணுக்கு முன்பாக, விமர்சகர் எழுதிய காரணங்களைப் படியுங்கள் என்றே நான் வற்புறுத்துவேன்.

விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளம் தரும் மெட்டாஸ்கோர் என்ற மதிப்பெண்ணை விளையாடியவர்களின் வாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களின் சராசரி, அதிலும் சில இதழ்களுக்குக் கூடுதல் எடை உண்டு, விளையாடியவர்களின் மதிப்பெண் தனியாகவே காட்டப்படுகிறது.