கொழிஞ்சாம்பாறை இடதுகை பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவன்) வலதுகை பேட்டரிடம் அடி வாங்குவது பற்றி

இடதுகை பேட்டர்களை அவுட் ஆக்குகிறான் என்பதை மட்டும் வைத்து அவனை ரிலீஃபுக்கு, அதாவது ஆட்டத்தின் நடுவே இறங்கும் மாற்றுப் பிட்சராக, பரிந்துரைக்காதீர்கள் சார். 2020 முதல் வட அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ரிலீஃப் பிட்சர் குறைந்தது 3 பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஆளுக்காக இறக்கிவிடும் காலம் போய்விட்டது.

அநேகமாக ஸ்லைடரை (பக்கவாட்டில் வளையும் பந்து) மட்டும் நம்புகிறான். இடதுகைக்காரன் ஸ்லைடர் வலதுகை பேட்டரை நோக்கி உள்ளே வரும். அவருக்கு அது அல்வா. வெளியே விலகும் சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் போலவே எறிந்தாலும் மெதுவாக வரும் பந்து) வேண்டும்.

வலதுகை பேட்டரை நிறுத்தி 20 சேஞ்ச்அப் போடச் சொல்லுங்கள். கேட்சருக்குப் பின்னால், வலைக்கு வெளியே நின்று போனில் எடுங்கள். கை வேகம் ஃபாஸ்ட்பாலுக்கு இருப்பது போலவே இருக்கிறதா? கை தளர்ந்தால் மெதுவான பந்து வருகிறது என்று பேட்டருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், நம் பாலக்காட்டுப் பக்கம் பேட் பிடிப்பவர்களில் பாதிப் பேர் கிரிக்கெட்காரர்கள். அவர்கள் அடிக்காமல் தவறவிட்ட பந்துகளை அவனுடைய வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.